நுவரெலியாக் குளிரில் வாடகை வீடு: பலகைத் தரையா, கார்பட்டா?

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் தண்ணீர் ஒழுங்காக வருமா, அட்வான்ஸ் எத்தனை மாதம், பஸ் பாதைக்கு எவ்வளவு தூரம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நான் குனிந்து தரையைப் பார்ப்பேன். நுவரெலியா பக்கத்துப் பழைய வீடுகளில் பலகைத் தரை இருக்கும். இல்லாவிட்டால் கீழே இருப்பது பலகையா சீமெந்தா என்றே தெரியாதபடி சுவருக்குச் சுவர் கார்பட் ஒட்டியிருப்பார்கள். இரண்டு வகை வீட்டிலும் குடியிருந்தவள் நான். எங்கள் குளிருக்கும் மழைக்கும், அதுவும் வாடகை வீட்டுக்கு, பலகைத் தரைதான் சரி என்பது என் முடிவு.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி எங்கள் பாடசாலைக்கு ஒரு டீச்சர் வந்திருக்கிறார். கைக்குழந்தையோடு வீடு தேடுகிறார். ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்குச் சொன்ன புத்திமதி ஒன்றுதான்: "கார்பட் போட்ட வீடாப் பாருங்க, குளிர் தெரியாது." எனக்கு மனசு கேட்கவில்லை. இடைவேளை முடியும்வரை அவரோடு பேசினேன். அதிலும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் மஸ்கெலியா பக்கத் தேயிலைத் தோட்டத்தில், லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் எங்கள் காம்பராவில் சாணம் மெழுகிய மண் தரை. பிறகு சீமெந்து போட்டார்கள். சீமெந்து வந்ததில் அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம், ஆனால் மழைக் காலத்தில் அதில் கால் வைக்க முடியாது. சாக்கை விரித்து, அதன் மேல் பாய், அதன் மேல் கம்பளி என்று அடுக்கித்தான் படுப்போம். பலகைத் தரையை நான் முதலில் பார்த்தது அப்பா வேலை செய்த தேயிலை ஃபெக்டரியில். கொழுந்து வாட்டும் மேல்மாடி முழுக்கப் பலகை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறுவேன். வெளியே எலும்பை உறையவைக்கும் குளிர் அடித்தாலும் அந்தப் பலகை காலைச் சுடவும் செய்யாது, குளிரவும் செய்யாது. படித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி, இவருடைய மாற்றலுக்கும் என் மாற்றலுக்கும் ஏற்ப ஹட்டன், நுவரெலியா என்று வாடகை வீடுகளில் குடியிருக்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்குள் பலகைத் தரை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

கார்பட்டின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த நேரத்தில் கட்டிலிலிருந்து இறங்கி டைல்ஸ் தரையில் கால் வைத்தவர்களுக்குத்தான் கார்பட்டின் அருமை தெரியும். ஓர் அறைக்குள் டைல்ஸும் பலகையும் கார்பட்டும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனால் டைல்ஸும் சீமெந்தும் நம் உள்ளங்காலின் சூட்டை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும், மரம் மெதுவாக உறிஞ்சும், கார்பட் இன்னும் மெதுவாக. கால் உணர்வது இந்த வேகத்தைத்தான். அந்த வகையில் கார்பட் பலகையை வெல்லும். அதேபோல மாடி வீட்டில் குடியிருந்தால் காலடிச் சத்தம் கீழ்வீட்டுக்குப் போகாமல் அடக்குவதிலும் கார்பட்டுக்கு ஈடு இல்லை. இந்த இரண்டும் உண்மை.

ஆனால் இங்கே குளிரோடு மழையும் இருக்கிறது. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் செப்டம்பர் வரைக்கும் ஈரத்திலேயே ஊறிக்கிடக்கும். துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. பாடசாலைச் சீருடையை அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் காயவைப்போம். அலுமாரிக்குள் தோல் சப்பாத்தில் பச்சையாகப் பூஞ்சணம் பிடிக்கும். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வரும், மூடினால் நம் மூச்சும் சமையல் ஆவியும் கண்ணாடியில் நீராக வழியும். இப்படிப்பட்ட வீட்டில், தரையோடு ஒட்டியிருக்கும், கழற்ற முடியாத, வெயிலில் போட முடியாத ஒரு கனமான துணி என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எனக்கு நினைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, நேரிலேயே பார்த்தேன். நாங்கள் நுவரெலியாவில் முதலில் எடுத்த வீடு ஓர் அனெக்ஸ். இரண்டு அறைகளிலும் சாம்பல் நிறக் கார்பட். "வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தது, நல்ல விலை" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். மேலுக்குப் பார்த்தால் சுத்தம்தான். மழை தொடங்கியதும் அறைக்குள் ஒரு வாடை வந்தது. ஈரக் குடையைச் சுருட்டி மூலையில் வைத்து மறந்தால் வருமே, அந்த வாடை. சாம்பிராணி போட்டோம், ஜன்னலைத் திறந்துவைத்தோம், போகவில்லை. ஒருநாள் அலுமாரியை நகர்த்தி, அதன் பின்னால் இருந்த மூலையை இவர் மெல்லத் தூக்கினார். அடிப்பக்கத்து ரப்பர் கையில் மாவாக உதிர்ந்தது. அதற்குக் கீழே ஒரு நனைந்த பஞ்சு விரிப்பு, அதற்கும் கீழே பலகை. நல்ல பலகை! அகலமான, ஒரு கணுக்கூட இல்லாத பழைய காலத்து மரம். அதன் மேல் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், ஓரத்தில் அடித்த ஆணிகளைச் சுற்றித் துருவின் நிறம். விரலால் அழுத்தினேன், நகம் உள்ளே போனது. யாரோ எந்தக் காலத்திலோ இழைத்துப் போட்ட தரையை அந்தக் கார்பட் மேலே இருந்துகொண்டே உக்கவைத்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மகனுக்கு அப்போது வீசிங் இருந்தது. மழைக் காலத்தில் இரவு இரவாக இழுப்பு வந்து, கம்பளியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி நெபுலைஸ் பண்ணிக்கொண்டு வருவோம். கிளினிக்கில் டொக்டர் கேட்ட கேள்விகளில் ஒன்று, "வீட்டில கார்பட் இருக்கா?" தூசிப் பூச்சி என்று ஒன்றைப் பற்றி அவர் விளக்கினார். கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் இருக்கும் ஈரத்தையே உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் ஈரக் காற்றுள்ள இடத்தில் பெருகும், காற்று நன்றாக உலர்ந்தால் செத்துப்போகும். நமக்கு ஒவ்வாமை தருவது பெரும்பாலும் அதன் எச்சம். வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இந்தப் பூச்சிதான் முக்கிய காரணம் என்பதை 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள் என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். வேக்கியூம் பிடித்தால் மேலே கிடக்கும் தூசி வரும், ஆனால் உயிரோடு இருக்கும் பூச்சி கார்பட் இழைகளைப் பற்றிக்கொண்டு உள்ளேயே இருந்துவிடும்.

டொக்டர் இன்னொன்றும் சொன்னார். அதை மறைத்தால் நான் சொல்வது நேர்மையாகாது. கார்பட்டை எடுத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. மெத்தையிலும் தலையணையிலும்தான் அந்தப் பூச்சி நிறைய இருக்கும். பிள்ளை முகத்தை வைத்துப் படுப்பது அங்கேதானே? ஆகவே தலையணை உறை, படுக்கை விரிப்பை எல்லாம் கொதிக்கும் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தோம். பழைய இலவம்பஞ்சுத் தலையணைகளை எடுத்துவிட்டோம். வெயில் எட்டிப்பார்த்த நேரமெல்லாம் மெத்தையை முற்றத்தில் போட்டோம். மெத்தையை வெளியே தூக்கலாம், கார்பட்டை என்ன செய்வது? வீட்டுக்காரரிடம் கேட்டோம். எடுக்க முடியாது என்றார். அம்மா அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "கால் குளிருதுன்னா சொக்ஸ் போட்டுக்கலாம். புள்ள மூச்சுக்கு என்னத்தப் போடுறது?" உடன்படிக்கை முடிந்ததும் வீடு மாறினோம். அதற்குப் பிறகு மகனுக்கு இழுப்பு வருவது குறைந்தது. வயதும் ஏறியது, இன்ஹேலரும் ஒழுங்காகக் கொடுத்தோம், அதனால் எல்லாப் புண்ணியத்தையும் தரைக்கே எழுதிவைக்க மாட்டேன். ஆனால் ஒரு தாயாக, மறுபடி கார்பட் வீட்டுக்கு நான் போகமாட்டேன்.

சொந்த வீடாக இருந்தால்கூட யோசிக்கலாம். நம் கார்பட், நாம் வாங்கியது, எப்போது போட்டோம் என்று தெரியும். பழுதானால் தூக்கி எறியலாம். வாடகை வீட்டில் அப்படி இல்லை. நமக்கு முன்னால் இருந்தவர்கள் நாய் வளர்த்தார்களா, பால் கொட்டினார்களா, ஓடு ஒழுகி நனைந்ததா, எதுவும் தெரியாது. நமக்குச் சொந்தமில்லாததால் கழற்றவும் முடியாது. போகும்போது, நாம் வருவதற்கு முன்பே இருந்த கறைக்கு அட்வான்ஸில் பணத்தைக் கழிப்பார்கள். அந்த அனெக்ஸை விடும்போது எங்களுக்கு நடந்தது அதுதான். பலகைத் தரையில் கீறல் இருந்தால் முதல் நாளே கண்ணுக்குத் தெரியும். ஃபோனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடலாம். இப்போதிருக்கும் வீட்டுக்குச் சாமான்களை இறக்குவதற்கு முன்பே அறை அறையாகப் படம் எடுத்து அனுப்பினேன். வீட்டுக்கார ஆன்ட்டி கோபப்படவில்லை, "நல்ல வேலை செய்தீங்க டீச்சர்" என்றார்.

சரி, பலகைத் தரைக்கு வருவோம். பராமரிப்பு இல்லாமல் அது நிற்காது. ஆனால் அந்தப் பராமரிப்பு நம் கைக்கு எட்டியது. தினமும் மெல்லிய விளக்குமாறால் பலகை போகும் திசையிலேயே கூட்டவேண்டும். வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவவே கூடாது. துணியை நனைத்து, இனிப் பிழிய ஒன்றுமில்லை என்கிற அளவுக்குப் பிழிந்து துடைக்கவேண்டும், உடனே காய்ந்த துணியால் ஒற்றவேண்டும். தீபாவளிக்கு முன்னும், பிறகு வெயில் வரும் தை மாதத்திலும் நாங்கள் பொலிஷ் போடுவோம். சிவப்புச் சீமெந்துக்குப் போடும் சிவப்புப் பொலிஷ் பலகைக்கு ஆகாது, நிறமில்லாததாகப் பார்த்து வாங்கவேண்டும். பழைய பனியன் துணியில் கொஞ்சமாகத் தொட்டு, முழங்காலில் நின்று தேய்ப்பேன். நிறையப் பூசினால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். கொஞ்சநேரம் ஊறவிட்டு, பிறகு தேங்காய் மட்டை. பாதியாக வெட்டிய மட்டையின் தும்புப் பக்கத்தைக் கீழே வைத்து, ஒரு காலை அதன் மேல் ஊன்றி முன்னும் பின்னும் இழுக்கவேண்டும். மகனும் அவன் கூட்டாளிகளும் அந்த வேலைக்கு அடித்துக்கொண்டு வருவார்கள். இழுக்க இழுக்க மங்கிய பலகைக்குள்ளிருந்து ரேகைகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். ஜன்னல் பக்கத்துப் பலகை ஒன்றில் சுழிபோல ஒரு கணு இருக்கிறது, பொலிஷ் போட்ட அன்றைக்கு அது தேன் நிறத்தில் தெரியும்.

மரம் ஈரத்தைக் குடிக்கும், விடும். குடித்தால் அகலத்தில் வீங்கும், நீளத்தில் அவ்வளவாக அசையாது. ஜூன், ஜூலையில் எங்கள் பலகைகள் இடைவெளியே இல்லாமல் நெருங்கி நிற்கும், உள்ளறைக் கதவு தரையில் உரசும். பெப்ரவரி, மார்ச்சில் பலகைக்கும் பலகைக்கும் இடையில் ஐந்து ரூபாய்க் குற்றி உள்ளே விழும் அளவுக்கு வெடிப்புத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து புட்டி வைத்து அடைக்கப் போனேன். மரவேலை பாஸ் தடுத்துவிட்டார். "விடுங்க டீச்சர், மழைக்கு அதுவே மூடிக்கும். நீங்க அடைச்சா, வீங்குறதுக்கு எடமில்லாம பலகை மேல எழும்பிடும்." சுவர் ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டு, அதைச் சட்டத்தால் மறைத்திருப்பதும் இதற்காகத்தான்.

அந்த பாஸ் காட்டிய இன்னொரு விஷயம் இதையெல்லாம்விட முக்கியம். பழைய வீடுகளில் பலகைத் தரை நேரே மண்ணில் உட்காராது. கீழே வெற்றிடம் இருக்கும், வெளிச்சுவரின் அடியில் சின்னச் சின்ன இரும்புக் கம்பி வலைத் துவாரங்கள் இருக்கும். அந்தத் துவாரம் வழியாகக் காற்று ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவதால்தான் பலகையின் அடிப்பக்கம் காயும். எலி வருகிறது, குளிர் வருகிறது என்று பலர் அதைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் பின்பக்கத்துத் துவாரங்கள் அடைபட்டுக் கிடந்தன. ஒன்றின் முன்னால் மண் ஏறி, அதில் சேம்பு முளைத்திருந்தது. பாஸ் உள்ளே வந்து, அந்தப் பக்கத்துப் பலகையில் ஸ்க்ரூட்ரைவர் நுனியால் குத்திப் பார்த்தார். நடுவில் டக்கென்று நின்றது, சுவர் ஓரத்தில் மெத்தென்று இறங்கியது. மரத்தின் உலர்ந்த எடையில் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் தங்கினால்தான் அதை உக்கவைக்கும் பூஞ்சணம் வேலை செய்யும். காற்றோட்டம் இருந்தால் ஈரம் அந்த அளவுக்கு ஏறாது. ஆன்ட்டியிடம் சொன்னோம். செங்கல்லை எடுத்து, எலி நுழையாத சிறு கண் வலை அடித்து, உக்கின பலகைத் துண்டுகளை மட்டும் மாற்றினோம். கூலியை அவர் கொடுத்தார், மரத்துக்கு நாங்கள் பாதி போட்டோம்.

இப்போது வாடகைக்கு விடுபவர்கள் பழைய பலகையை மறைத்து அதன் மேல் வைனல் ரோல் விரிக்கிறார்கள், மர நிறத்திலேயே வருகிறது. பார்க்க அழகு, துடைக்க லேசு. ஆனால் கீழிருந்து வரும் ஈரம் அதைத் தாண்டி வெளியேறாது, கார்பட்டைவிட மோசமாக அடைத்துவைக்கும். லெமினேட் பலகையும் அப்படித்தான் ஏமாற்றும். மேலே மரத்தின் படம், உள்ளே அழுத்திய மரத்தூள். ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் ஊதிவிடும், இழைத்துச் சரிசெய்ய வழியில்லை. உண்மையான பலகையை இழைக்கலாம், ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம்.

அப்புறம், பலகையில் குறை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. நடுச்சாமத்தில் அம்மா எழும்பி நடந்தால் வீடே கிரீச்சிடும். ஆணித்தலை சில இடத்தில் மேலே வந்து சொக்ஸைக் கிழிக்கும், சுத்தியலும் ஒரு பழைய ஆணியும் வைத்து உள்ளே தட்டவேண்டும். மழை நாளில் வெடிப்பு வழியாக இல்லாவிட்டாலும் கதவடி வழியாகக் காற்று வரும். குளிருக்கும் சத்தத்துக்கும் நாங்கள் செய்திருப்பது, எடுத்துப்போட்டுக் கழுவக்கூடிய விரிப்புகள். வாசலில் தும்புப் பாய். கட்டிலின் இரண்டு பக்கமும், கார்மென்ட் வெட்டுத் துணியில் பின்னிய கால்மிதி. பாதையோரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், துவைத்து அடுப்படியில் போட்டால் காய்ந்துவிடும். முன்னறையில் ஒரே ஒரு பெரிய விரிப்பு, வெயில் நாளில் வேலியில் போட்டுத் தடியால் அடிப்போம். காலுக்கு வேண்டிய சூடு இவ்வளவில் கிடைத்துவிடுகிறது. வீடு மாறும்போது சுருட்டிக்கொண்டும் போகலாம்.

மரத்தரை நிற்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் அப்புத்தளையில் இருக்கும் அடிஷாம் பங்களாவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் கட்டியது, இப்போது ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம். பர்மாத் தேக்கில் தரை. அங்கேயும் மூடுபனி, அங்கேயும் மழை. மழைக் காலம் மட்டும் எங்களுக்கு எதிர்மாறு, ஊவாப் பக்கத்தில் வருடக் கடைசியில் கொட்டும். துறவிகள் அதைப் பராமரிக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் எனக்கு எங்கள் வீட்டுத் தரை மேல் இன்னும் பற்று வந்தது.

மட்டக்களப்பு டீச்சரோடு நேற்றுப் பின்னேரம் ஒரு வீடு பார்க்கப் போனேன். நல்ல வீடு, பாடசாலைக்கு நடந்து வரலாம். படுக்கையறையில் மட்டும் கார்பட். மூலையைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன், வீட்டுக்கார ஐயா தாராளமாக விட்டார். கீழே பலகை, காய்ந்துதான் இருந்தது, ஸ்க்ரூட்ரைவரும் இறங்கவில்லை. கைக்குழந்தை இருக்கிறது என்று சொன்னதும் கார்பட்டைச் சுருட்டிக் களஞ்சிய அறையில் வைத்துத் தருவதாக ஒத்துக்கொண்டார். உடன்படிக்கையில் அதையும் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன்: கார்பட்டைக் கழற்றியது வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, திரும்பப் போடுவது யார் பொறுப்பு என்று. திங்கட்கிழமை கையெழுத்து. பொலிஷ் டின்னும் தேங்காய் மட்டையும் நான் கொண்டுபோகிறேன்.